பொட்டு வைத்த பொத்தான்

அத்தியாயம் 3

திருநகரில் அந்த வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது என் தோள்பையில் ஒரு டார்ச் லைட்டும் இருபது அடி நைலான் கயிறும் இருந்தன. முந்தின நாள் போனில் பேசிய ராதாகிருஷ்ணன், "சார், சுரங்கம் வழியா எங்க டிசைனைத் திருடுறாங்க" என்றுதான் சொன்னார். சுரங்கம் என்றால் இருட்டு, வவ்வால், மூச்சுமுட்டல் என்று யோசித்துத் தயாராக வந்திருந்தேன். அது கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற சுரங்கம் என்று அவர் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

விஷயம் புரிந்த கணத்தில் என் உதவியாளர் சோலையம்மாள் என் பையின் வாயை மெல்ல மூடினார்.

"கயிறு வெளிய தெரியுது தம்பி. கெணத்துல விழுந்த வாளிய எடுக்க வந்த ஆளுனு நெனச்சுக்குவாக."

என் பெயர் உக்கிரபாண்டி. உக்கிரம் பெயரோடு சரி. கோச்சடையில் மாவு மில்லுக்கு மேல்மாடியில் 'உக்கிரா துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டியிருக்கிறேன். மாப்பிள்ளை குடிப்பாரா, குடித்தால் எந்த அளவு என்று விசாரிப்பதில் பதினோரு வருஷ அனுபவம். அதில் பாதி மாப்பிள்ளைகள் நான் பின்தொடர்வதைக் கண்டுபிடித்து எனக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். சோலையம்மாள் செக்கானூரணிக்காரர். பத்து வருஷம் எஸ்.டி.டி. பூத் நடத்தியவர். செல்போன் வந்து பூத்துக்குப் பூட்டுப் போட வைத்ததும் என்னிடம் வந்து சேர்ந்தார். என்னைவிட நாலு வயது மூத்தவர். என்னை சார் என்று கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே நிபந்தனை போட்டேன். அதைக் கேட்டு நன்றாகச் சிரித்துவிட்டு, அன்றிலிருந்து தம்பி என்று கூப்பிட்டு வருகிறார்.

ராதாகிருஷ்ணன் செல்லூரில் இருபத்துநாலு விசைத்தறி ஓட்டும் முதலாளி. சேலைக்கரை போடுவதில் மன்னன். ஆயுத பூஜையன்று திருஷ்டி கழியத் தெருவில் பூசணிக்காய் உடைத்து, உடைத்த பூசணியில் தானே சறுக்கி விழுந்து, ஒன்றரை மாதமாக வலது காலில் மாவுக்கட்டோடு முன்னறையில் உட்கார்ந்திருந்தார். எதிரே மேஜையில் கம்ப்யூட்டர். அதன் முதுகு எங்களைப் பார்த்திருந்தது. திரையை மனைவிக்குக்கூடக் காட்டமாட்டாராம்.

பக்கத்து சோபாவில் முதலாளியின் போனை மடியில் வைத்துக்கொண்டு அவருடைய அக்கா மகன் வெங்கடேஷ்பாபு. நெற்றியில் பளிச்சென்று நாமம், பேச்சில் அடக்கம். அவருக்கும் செல்லூரில் அடுத்த தெருவில் சொந்தமாக ஆறு தறி உண்டு. மாமாவுக்குக் கால் ஒடிந்ததிலிருந்து தினமும் காலையில் மாமாவின் பட்டறைக்கும் ஒரு நடை போய்ப் பார்த்து வருகிற நல்ல பிள்ளை.

சுவரோரமாக ஒரு பெண் நின்றிருந்தாள். இருபத்துநாலு வயது இருக்கும். தமிழ்ச்செல்வி. சுரங்கம் போட்டவள் அவள்தான். திருடி என்று சொல்லப்படுகிறவளும் அவள்தான்.

"எனக்கு விளங்குற மாதிரி சொல்லும்மா" என்றேன். எனக்கு விளங்குகிற மாதிரி சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியாது.

"அய்யா இங்க உக்காந்து செல்லூர் ஆபீஸ் கம்ப்யூட்டரை ஓட்டுறாரு சார். அந்தத் திரை அப்படியே இங்க தெரியும். இங்க மவுஸை நகத்துனா அங்க நகரும். டிசைன் போடுற சாஃப்ட்வேருக்கு ஒரு பூட்டு உண்டு, விரல் அளவு குச்சி. அது செல்லூர் மெஷின்ல செருகியிருந்தாத்தான் ஓடும். அதான் இம்புட்டு சுத்து."

"நடுவுல என்ன இருக்கு?"

"இன்டர்நெட் லைன். அதுல வெறுமனே அனுப்புனா வழியில யாரு வேணாலும் எட்டிப் பாக்கலாம். அதனால ரெண்டு முனைக்கும் நடுவுல டன்னல் போட்டிருக்கேன். உள்ள போறது அம்புட்டும் சங்கேதமா மாறிப் போகும். நடுவுல எவன் பிடிச்சாலும் அவனுக்குக் குப்பைதான் கிடைக்கும். அதைத் திறக்கிற சாவி அய்யாகிட்ட மட்டும்தான் இருக்கு."

ராதாகிருஷ்ணன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக் காட்டினார். பூணூலில் ஒரு பென் டிரைவ் முடிந்து கிடந்தது. குளிக்கும்போது மட்டும் பிளாஸ்டிக் பை சுற்றிக்கொள்வாராம்.

"டன்னலைப் போட்டவ இன்னொரு சாவி செஞ்சு வச்சிருக்க மாட்டாளா?" என்று மெதுவாகக் கேட்டார் பாபு. "வேற யாரு சார் உள்ள போக முடியும்? நாலு வாரத்துல மூணு கரை வெளிய போயிருக்கு. நாங்க நெய்து முடிக்கறதுக்குள்ள அதே கரை விளக்குத்தூண் கடையில தொங்குது. நான் அப்பவே மாமாகிட்ட சொன்னேன், அந்தப் பக்கத்து ஆளுகளை வேலைக்கு வைக்காதீங்கன்னு."

அந்தப் பக்கம் என்றால் உசிலம்பட்டி ரோடு; அங்கே பிறந்தாலே திருடர் என்று முத்திரை குத்துகிற பழைய வழக்கம் ஒன்று உண்டு. தமிழ்ச்செல்வி கருமாத்தூர்க்காரி. அவள் முகம் சுருங்கிப் போனது. எனக்கு அந்த ஆளை அந்த நிமிஷமே பிடிக்காமல் போனது, ஆனால் பிடிக்காதது துப்பு ஆகாது.

"நானும் அந்தப் பக்கந்தான் தம்பி" என்றார் சோலையம்மாள் கனிவாக. "செருப்ப வாசல்லதான விட்டுட்டு வந்தீக? எதுக்கும் ஒரு எட்டுப் போய்ப் பாத்துக்கங்க."

பாபு சிரிக்க முயன்றார். ராதாகிருஷ்ணன் இருமினார்.

நிலைமை இதுதான். போலீஸ் புகாரை பாபு இங்கிலீஷில் டைப் அடித்துக் கொடுக்க, முதலாளி அதை அந்த ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தார். பன்னிரண்டு மணிக்குப் பிரின்ட் எடுத்து ஸ்டேஷனில் கொடுப்பதாக ஏற்பாடு. அதற்குள் அவள்தான் திருடி என்று ஆதாரம் சேர்த்துக் கொடுப்பது என் வேலை. 'அவள்தான் என்றால்' என்று நான் திருத்தினேன். முதலாளி தலையாட்டினார். பாபு ஆட்டவில்லை.

"ஸ்டேஷன்ல பேரு ஏறிட்டா அப்பறம் எவனும் என்னையக் கம்ப்யூட்டர் பக்கம் விடமாட்டான் சார்" என்றாள் தமிழ்ச்செல்வி. "எங்க ஊர்ல இருந்து இந்த வேலைக்கு வந்தது நான் ஒருத்திதான். எனக்குப் பின்னால படிக்கிற புள்ளைகளையும் சேத்துச் சொல்லுவாக."

மேஜையில் மூன்று சேலைகள் கிடந்தன, விளக்குத்தூண் கடையில் வாங்கிய திருட்டுச் சேலைகள். நான் அவற்றை மிகுந்த கவனத்தோடு உற்றுப் பார்த்தேன். மூன்றும் சேலைகள் என்பது மட்டும் தெரிந்தது. சோலையம்மாள் ஒன்றை எடுத்து உதறித் தோளில் போட்டுப் பார்த்தார்.

"கரை ஒங்களுது. முந்தியும் ஒங்களுதா முதலாளி?"

"இல்லம்மா. கரை மட்டும் இழைக்கு இழை என்னுது. முந்தி வேற எதையோ ஒட்டியிருக்கான்."

"மூணுலயுமா?"

"மூணுலயும்தான். ஏன்?"

"சும்மா கேட்டேன். எனக்குச் சேலைன்னா ஆசை."

செல்லூர் ஆபீஸைப் பார்க்க அனுமதி கேட்டேன். முதலாளி கொடுத்தார். தமிழ்ச்செல்வியும் வரலாம், ஆனால் அவள் எதையும் தொடக்கூடாது என்று பாபு நிபந்தனை போட்டார். தொட்டால் தடயத்தை அழித்துவிடுவாளாம். அவர் இன்றைக்கு மாமாவோடேயே இருக்கப் போவதாகவும் சொன்னார். நாங்கள் கிளம்புவதற்குள் நாலு தடவை போன் அடித்தது. நாலு தடவையும் அவரே எடுத்தார்.

தமிழ்ச்செல்வி டவுன் பஸ்ஸில் ஏறினாள். நாங்கள் ஸ்கூட்டரில். பழங்காநத்தம் தாண்டும்வரை சோலையம்மாள் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் எனக்கு வண்டி ஓட்ட வராது.

"அக்கா, என்ன யோசனை?"

"வீட்டுக்குள்ள பூந்த திருடன் பீரோவத் தெறந்துட்டு, ஒத்தக் கம்மல மட்டும் எடுத்துட்டுப் போவானா?"

"புரியல."

"அதான் எனக்குத் தெரியுமே. அந்தப் புள்ள திருடியிருந்தா முழுச் சேலையையும்ல எடுத்திருக்கும்? கரை, முந்தி, உடல் எல்லாம் ஒரே ஃபைல்லதான கெடக்கு. எடுத்தவனுக்குக் கரை மட்டுந்தான் கிடைச்சிருக்கு. முந்தி அவன் கண்ணுல படவே இல்ல."

நான் பிரேக் போட்டேன். துப்பு கிடைத்த பரபரப்பு என்று சொல்ல ஆசைதான். குறுக்கே ஒரு மாடு வந்தது.

"முதலாளிகிட்ட கிளம்பும்போது கேட்டேன்" என்றார். "கரையக் காலையில ஒம்போது மணிக்கு உக்காந்து போடுவாராம். முந்திய மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெறகுதான் தொடுவாராம். அவுக அப்பா காலத்துப் பழக்கமாம். அப்ப திருடனுக்குக் காலையில மட்டுந்தான் கண்ணு தெரியுது."

"ஆனா டன்னல் பாதுகாப்பானதுனு அந்தப் பொண்ணு சொல்லுதே."

"தம்பி, எம் பூத்துல கண்ணாடிக் கதவு போட்டிருந்தேன். சாத்திட்டுப் பேசுனா எனக்கே கேக்காது. அப்படியும் ஊருக்குள்ள ஓடிப்போற கதை முச்சூடும் மறுநா வெளிய வந்துரும். எப்புடி? அங்கிட்டுப் போன எடுத்தவ மாமியாளைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, சத்தமா 'என்னது, ஓடப்போறியா'ன்னு கேட்டிருப்பா. லைன்ல ஒரு ஓட்டையும் இருக்காது. முனையிலதான் இருக்கும்."

யானைக்கல்லைத் தாண்டிக் கல்பாலத்தில் ஏறும்போது நான் கம்பீரமாகச் சொன்னேன்: "நானும் அதைத்தான் நினைச்சுக்கிட்டே வந்தேன்."

"வண்டியப் பாத்து ஓட்டுங்க தம்பி."

செல்லூரில் அந்தச் சந்துக்குள் ஸ்கூட்டர் நுழைந்தால் எதிரே வருகிறவர் ஒரு வீட்டுக்குள் ஏறி நிற்க வேண்டும். பட்டறை வாசலில் தமிழ்ச்செல்வி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தயாராக நின்றிருந்தாள். எதையும் தொடவில்லை என்பதற்கு எல்லோரும் சாட்சி சொல்ல வேண்டும் என்பதுபோல் நின்றாள். பார்க்கவே வருத்தமாக இருந்தது.

மணி எட்டு ஐம்பது. தறிகள் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. ஆபீஸைக் கவனித்துக்கொள்பவர் ஜெயக்கொடி என்ற ஐம்பது வயது அம்மாள். டிசைன் அறைக்குக் கூட்டிப் போனார். அறை என்றால் தறிக்கூடத்தின் மூலையில் மூன்று பக்கம் பலகை அடித்த இடம். நாலாவது பக்கம் திறந்து கிடந்தது. உள்ளே கம்ப்யூட்டர் பெட்டி இரைந்து ஓடிக்கொண்டிருந்தது. மானிட்டர் அணைந்து கறுப்பாக இருந்தது.

"இது எப்பவும் இப்படித்தானா?"

"டன்னல் போட்ட அன்னைக்கே நான் மானிட்டரை அணைச்சிட்டேன் சார்" என்றாள் தமிழ்ச்செல்வி, வாசலில் நின்றபடியே. "மெஷின் மட்டும் ஓடுனாப் போதும். பட்டனை யாரும் தொடக்கூடாதுனு ஜெயக்கொடியக்காகிட்ட சொன்னேன்."

"அது வாயால சொன்னா எவன் கேப்பான்?" என்றார் ஜெயக்கொடி. "சந்தனம் வச்சு, மேல குங்குமம் வச்சேன். பொட்டு வச்ச பட்டன எவனும் தொடமாட்டான். பெட்டி பட்டனுக்கும் வச்சேன், யாரும் அணைச்சிரக் கூடாதுன்னு."

நான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். அதற்குப் பிடி உடைந்து மாதக்கணக்காகிறது, ஆகவே வட்டத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு குனிந்தேன். என் வாழ்நாளில் முதல் முறையாக அதில் ஏதோ தெரிந்தது.

பெட்டியின் பொத்தானில் இருந்த பொட்டு காய்ந்து, வெடித்து, பாதி உதிர்ந்திருந்தது. ஒரு மாதப் பொட்டு. மானிட்டர் பொத்தானில் இருந்ததோ செக்கச்செவேல் என்று இருந்தது. விரலால் தொட்டேன். சந்தனத்தில் ஒரு வெடிப்புகூட இல்லை.

நான் நிமிர்ந்தேன். இந்த இடத்துக்காகத்தான் பதினோரு வருஷமாகக் காத்திருந்தேன்.

"அம்மா ஜெயக்கொடி! யாரோ தினமும் இந்த மானிட்டரைப் போடுகிறார்கள். பொட்டு அழிகிறது. அதை மறைக்கப் புதுப்பொட்டு வைக்கிறார்கள். இந்தப் பட்டறையில் சந்தனக் கிண்ணம் யாரிடம் இருக்கிறது? உங்களிடம்! நீங்களே உண்மையை ஒப்புக்கொண்டால் நல்லது!"

உணர்ச்சிவசப்பட்டால் நான் அச்சடித்த தமிழில் பேசிவிடுவேன்.

"ஆமா, நான்தான் வைக்கிறேன்" என்றார் ஜெயக்கொடி. "தெனமும்தான் வைக்கிறேன். அதுக்கு ஏன் இப்புடிக் கத்துறீக?"

எனக்கு அடுத்த வசனம் தயாராக இல்லை. ஒப்புக்கொள்ளாதவர்களுக்கு மட்டுமே வசனம் எழுதி வைத்திருந்தேன்.

"ஒம்போது ஆச்சு. வழிய விடுங்க" என்று அவர் என்னை ஒதுக்கிவிட்டுத் தட்டில் சூடத்தை வைத்தார். தறிக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் வந்து பலகையோரமாக நின்றார்கள். ஜெயக்கொடி வலது கையால் சூடத்தைக் கொளுத்தினார். இடது கைக் கட்டைவிரலால் மானிட்டர் பொத்தானை அமுக்கினார்.

திரை பளிச்சென்று உயிர் பெற்றது. முழுத்திரைக்கும் ஒரு சேலைக்கரை விரிந்து கிடந்தது. அதன்மேல் மவுஸ் அம்பு தானாக நகர்ந்தது. நாற்காலியில் ஆள் இல்லை, மவுஸைத் தொட்ட கை இல்லை, அம்பு மட்டும் ஓடி ஓடிக் கட்டம் கட்டமாகச் சிவப்பை நிரப்பியது.

நான் கத்தினேன். சின்னதாகத்தான். அப்படியே பின்வாங்கி சந்தனக் கிண்ணத்துக்குள் கால் வைத்தேன்.

"பயப்படாதீக, முதலாளி வந்துட்டாரு" என்றார் ஜெயக்கொடி. சொல்லிவிட்டு நகரும் அம்புக்கு மூன்று சுற்றுச் சூடம் காட்டினார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

தமிழ்ச்செல்வி கிட்டத்தட்ட அழுதுவிட்டாள். "அக்கா! தொடாதீங்கனு சொன்னேனே!"

"நீ சொன்ன. அதுக்கு மறுநாளே முதலாளி போன் போட்டு, எல்லா மெஷினுக்கும் தீபம் காட்டுறீங்களான்னு கேட்டாரு. கம்ப்யூட்டர் அணைஞ்சு கெடக்குன்னேன். கறுத்த முகத்துக்குத் தீபம் காட்டக் கூடாது, போட்டுக் காட்டுங்கன்னு அவருதான் சொன்னாரு. நான் யாரு சொல்லக் கேக்குறது? அதான் ரெண்டு பேரு பேச்சையும் கேட்டேன். போடுவேன், காட்டுவேன், இருபத்துநாலு தறிக்கும் சுத்திட்டு வந்து அணைப்பேன், திரும்பப் பொட்டும் வச்சிருவேன்."

"சுத்திட்டு வர எம்புட்டு நேரம் ஆகும்?" என்று கேட்டார் சோலையம்மாள்.

"அரை மணி ஆகும்."

ஆக, காலை ஒன்பது முதல் ஒன்பதரை வரை, உலகத்தில் எவனாலும் உடைக்க முடியாத சுரங்கத்தின் செல்லூர் முனை தீபாராதனையோடு திறந்து கிடந்திருக்கிறது. முதலாளி திருநகரில் மனைவிக்குக்கூட மறைத்துப் போட்ட கரையை இங்கே பதினைந்து பேர் கும்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். திறக்கச் சொன்னவர் அவரே.

"தப்பு என்னோடதும்தான் சார்" என்றாள் தமிழ்ச்செல்வி. "வழியை மட்டும் பத்திரமாக் கட்டிட்டு இந்த முனையை ஒரு பொட்டை நம்பி விட்டுட்டேன்."

"அழுகையப் பெறகு வச்சுக்க" என்றார் சோலையம்மாள். பிறகு ஜெயக்கொடியிடம் திரும்பினார். "யக்கா, சூடம் காட்டும்போது கண்ண மூடாம நிக்கிற ஆளு யாரும் இருக்காகளா?"

"கண்ண மூடாமயா? எல்லாரும் மூடித்தான் கும்பிடுவாக." ஜெயக்கொடி யோசித்தார். "பாபு தம்பி மட்டும் மூட மாட்டாரு. அவருக்குப் பக்தி சாஸ்தி. சிமிட்டாம நிப்பாரு, கண்ணுல தண்ணியே வந்துரும். எல்லாரும் திருநீறு வாங்கிட்டுப் போனாலும் அவரு இங்கனயே நின்னு ராமஜெயம் எழுதுவாரு. சட்டைப் பையிலயே நோட்டு வச்சிருப்பாரு."

"என்ன நோட்டு?"

"கட்டம் போட்ட நோட்டு. கட்டத்துல எழுதுனாத்தான் எழுத்து நேரா வருமாம்."

சேலைக்கரை கட்டத் தாளில்தான் வரையப்படும் என்பது எனக்கே தெரியும். பால்பாண்டி என்ற தறிக்காரர் மெல்லத் தலையில் கை வைத்துக்கொண்டார். சூடம் அணைந்தது.

நான் போனை எடுத்தேன். சோலையம்மாள் என் கையைப் பிடித்தார்.

"திருநகர்ல போன் யாரு மடியில இருக்கு?"

வைத்துவிட்டேன். அந்த நோட்டு இன்னும் பாபுவின் பையில்தான் இருக்கும். போனில் ஒரு வார்த்தை தப்பினால் அது பத்து நிமிஷத்தில் அடுப்புக்குள் போய்விடும். அப்புறம் பன்னிரண்டு மணிக்குப் புகாரில் இருப்பது தமிழ்ச்செல்வியின் பெயர்தான்.

"சார்" என்றாள் அவள். "இந்தக் கீபோர்டுல அடிச்சா அய்யா திரையில தெரியும். டன்னலுக்குள்ளயே போகும், நடுவுல எவனும் படிக்க முடியாது. நான் தொடக்கூடாது. நீங்க அடிங்க."

நான் உட்கார்ந்தேன். அவள் சொன்ன இடத்தில் மவுஸை நகர்த்தினேன். அது என்னை மீறி எதிர்ப்பக்கம் ஓடியது. நான் இங்கிருந்து இழுக்க, முதலாளி அங்கிருந்து இழுக்க, நடுவில் அவருடைய புதுக் கரையில் ஒரு சிவப்புக் கோணல் விழுந்தது. கடைசியில் அவர் பயந்து கையை எடுத்திருக்க வேண்டும். எழுதும் பக்கம் ஒன்று திறந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்தேன். விரல் என்னுடையது, யோசனை சோலையம்மாளுடையது, பிழைகள் திரும்பவும் என்னுடையவை.

'பயப்படாதீர்கள். உக்கிரபாண்டி. செல்லூரிலிருந்து.'

பிறகு எழுத்துகள் தாமாக விழுந்தன.

'மானிட்டர் எப்படி ஆன் ஆச்சு?'

'தீபம் காட்ட நீங்கள்தான் போடச் சொன்னீர்களாம். தினமும் அரை மணி நேரம்.'

திரையில் கோடு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. மாவுக்கட்டுக் காலோடு அந்த மனிதர் அங்கே என்ன முகத்தோடு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன்.

'பாபுவின் பையில் ராமஜெயம் நோட்டு இருக்கிறது. ஒரு ராமஜெயம் நானும் எழுதுகிறேன் என்று கேட்டு வாங்குங்கள்' என்று அடித்தேன். எதிரே இருப்பது கம்ப்யூட்டர் திரைதான், ஆனாலும் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

மூன்று நிமிஷம் ஆனது. பின்னால் யாரும் நகரவில்லை. தறி போட வேண்டியவர்கள் தறி போடவில்லை.

பிறகு ஒவ்வோர் எழுத்தாக வந்தது.

'முதல் பக்கம் ராமஜெயம். மீதி எல்லாம் என் கரை. நேத்துப் போட்டதும் இருக்கு.'

பெருமூச்சு விட்டது யார் என்று தெரியவில்லை. பதினைந்து பேராகவும் இருக்கலாம். நான் எழுந்து கூட்டத்தைப் பார்த்து ஒரு சின்ன வணக்கம் போட்டேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். அம்பு நகர்ந்து போய் வேறொரு ஃபைலைத் திறந்தது. பாபு டைப் அடித்த புகார் அது.

இங்கிலீஷ் தெரியாதவர்களுக்குக்கூட அதில் எந்த இடத்தில் எந்தப் பெயர் இருக்கிறது என்று தெரிந்திருந்தது. அம்பு அந்த வரிக்குப் போய் நின்றது. கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழிந்தது. ஊர் போயிற்று. தகப்பனார் முத்திருளன் என்பது போயிற்று. பிறகு அவளுடைய பெயர் பின்னாலிருந்து கரைந்துகொண்டே வந்து, முதல் எழுத்து மட்டும் ஒரு கணம் நின்று, அதுவும் போயிற்று. அந்த இடம் வெள்ளையாகிவிட்டது.

தமிழ்ச்செல்வி சத்தமில்லாமல் அழுதாள். சோலையம்மாள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது. சூடப்புகை என்று சொல்லிக்கொண்டேன்.

வெள்ளை இடத்தில் கோடு வெகுநேரம் துடித்தது. அக்கா மகன். பக்கத்திலேயே சோபாவில் உட்கார்ந்திருப்பவன். பிறகு ஓர் எழுத்து விழுந்தது. இங்கிலீஷ் 'வி'. அடுத்ததற்குள் நீண்ட இடைவெளி. இங்கிலீஷ் 'ஈ'. வெங்கடேஷ்பாபு என்ற பெயர் இங்கிலீஷில் அப்படித்தான் தொடங்கும். பால்பாண்டி கழுத்தை நீட்டினார். ஜெயக்கொடி கண்ணாடியைத் தேடினார். எல்லோரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள், அதில் முதல் ஆள் நான்.

அப்போது தமிழ்ச்செல்வி காலையிலிருந்து முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். எங்களுக்கு நடுவே கையை நீட்டி மானிட்டர் பொத்தானை அமுக்கினாள். திரை கறுத்தது. அந்தக் கறுப்பில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் முகங்கள் மட்டும் தெரிந்தன. அவ்வளவு நன்றாக இல்லை.

"ஏ என்னம்மா!" என்றார் பால்பாண்டி.

"அய்யா தன் வீட்டுக்குள்ள உக்காந்து எழுதுறாரு" என்றாள் அவள், முகத்தைத் துடைத்துக்கொண்டே. "எழுதட்டும், அழிக்கட்டும். அது அவரு குடும்பத்துப் பாடு. நம்ம பாக்க வேணாம்."

"நீ எதையும் தொடக்கூடாதுன்னாகளே" என்றார் ஜெயக்கொடி.

"அது திருடிக்குச் சொன்னது அக்கா. அந்தப் பேரைத்தான் அழிச்சிட்டாரே."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் காலையில் சுவரோரம் நின்ற பெண் இல்லை.

"மணி ஒம்போதே முக்கால். எல்லாரும் அவங்கவங்க தறிக்குப் போங்க" என்றாள்.

மளமளவென்று கலைந்தோம். எனக்கு அங்கே தறி எதுவும் கிடையாது என்பது, ஏழாம் நம்பர் தறிக்கு முன்னால் போய்ப் பயபக்தியோடு நின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது.